மூளையே இல்லை... ஆனாலும் கடலை ஆட்டிப் படைக்கிறது!

பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு பினாங்கு போயிருந்தோம். பத்து பெரிங்கி கடற்கரை, மாலை ஐந்து மணி இருக்கும். ஒன்பது வயது அக்கா மகன் முழங்கால் அளவுத் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தவன், திடீரென்று அலறினான். ஓடிப்போய்த் தூக்கினால், இடது காலில் சவுக்கால் அடித்ததுபோல் மூன்று சிவப்புக் கோடுகள். கண்ணாடி நூல் மாதிரி ஏதோ ஒன்று தோலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஜெல்லி மீன் கொட்டிருச்சு" என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீதானே ரேடியோவில சொன்னே, ஜெல்லி மீன் கொட்டினா சிறுநீர் ஊத்தணும்னு? இப்ப என்ன செய்யறது, சொல்லு!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம், சொன்னது நான்தான். சில ஆண்டுகளுக்கு முன்பு காலை நிகழ்ச்சியில், இரண்டு பாடல்களுக்கு நடுவே, "தெரியுமா உங்களுக்கு?" என்று ஆரம்பித்துச் சிரிப்புக்காகச் சொன்ன ஒரு தகவல். எங்கோ ஓர் ஆங்கிலத் தொடரில் பார்த்தது. அது உண்மையா என்று நான் சரிபார்க்கவே இல்லை.

அதற்குள் ஒருவர் குடிதண்ணீர் போத்தலைத் திறந்துவிட்டார். இன்னொருவர் மணலை அள்ளித் தேய்க்கக் குனிந்தார். அப்போதுதான் பக்கத்தில் கோரேங் பீசாங் விற்றுக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவர், "ஜாங்ஙான் கோசோக்! ஜாங்ஙான் கோசோக்!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். தேய்க்காதே, தேய்க்காதே! கையில் ஒரு சூக்கா போத்தல். சமையலுக்குப் பயன்படுத்தும் அதே வினிகர்தான். அந்தக் கோடுகள்மேல் தாராளமாக ஊற்றினார். கொஞ்ச நேரம் கழித்து, ஒட்டியிருந்த நூலைச் சமையல் இடுக்கியால் பக்குவமாக எடுத்துப் போட்டார். பிறகு கிளினிக்குக்குப் போகச் சொன்னார்.

பையன் அன்று இரவே நாசி கண்டார் கேட்டுச் சாப்பிட்டான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அந்தப் பாக் சிக் இல்லாவிட்டால் என்ன செய்திருப்போம்? நான் சொன்னதைக் கேட்டு எத்தனை நேயர்கள், எந்தெந்தக் கடற்கரையில் என்னென்ன செய்தார்களோ?

மறுநாள் காலை, பையன் ஒரு கேள்வி கேட்டான்: "சித்தி, ஜெல்லி மீனுக்கு மூளையே இல்லையாமே! அப்புறம் எப்படி என்னைக் கொட்டணும்னு அதுக்குத் தெரிஞ்சுது?"

இந்த முறை வாய்க்கு வந்ததைச் சொல்லாமல், தேடிப் படித்துவிட்டுப் பதில் சொல்வது என்று முடிவு செய்தேன். அப்படிப் படித்ததில் தெரிந்துகொண்டவைதான் இவை.

மீன் இல்லாத மீன்

ஜெல்லி மீன், இழுது மீன் என்கிறோம். இலங்கைத் தமிழர்கள் சொறிமுட்டை என்பார்கள். மலாயில் ஓபோர்-ஓபோர். பெயரில் மீன் இருந்தாலும் இது மீன் இல்லை. எலும்பு இல்லை, செவுள் இல்லை, இதயம் இல்லை, இரத்தம் இல்லை. உடலில் சுமார் 95 விழுக்காடு தண்ணீர்தான். மெல்லிய இரண்டு படலங்கள், அவற்றுக்கு நடுவே கொழகொழவென்ற ஒரு பொருள். சுவாசிப்பது தோல் வழியாக. சாப்பிடுவதற்கும் கழிவை வெளியேற்றுவதற்கும் ஒரே வாய்.

மூளையும் கிடையாது. ஆனால் உடல் முழுக்க வலைபோல் நரம்புகள் பின்னிக் கிடக்கின்றன. குடையைச் சுருக்கி விரித்து நீந்துவதற்கும், இரை எங்கே தட்டுப்படுகிறது என்று உணர்வதற்கும் அது போதும். பெட்டி ஜெல்லி எனப்படும் வகைக்கு 24 கண்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு நம் கண்ணைப்போலவே லென்சும் உண்டு. கரீபியன் கடலின் சதுப்பு நிலக் காடுகளில் வாழும், விரல் நகமளவே உள்ள ஒரு பெட்டி ஜெல்லி, மரவேர்களில் மோதி மோதி, பிறகு மோதாமல் விலகிச் செல்லக் கற்றுக்கொள்கிறது என்பதை 2023இல் ஆய்வாளர்கள் சோதனைக்கூடத்தில் காட்டினார்கள். மூளை இல்லாமலும் பட்டுத் திருந்த முடிகிறது!

இவற்றின் வயதைக் கேட்டால் தலை சுற்றும். ஜெல்லி மீன்கள் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இந்த உலகில் இருக்கின்றன. டைனோசர்கள் அழிந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. டைனோசர்கள் வந்ததையும் பார்த்தன, போனதையும் பார்த்தன.

கொட்டுவது எப்படி?

பையனின் கேள்விக்கு வருவோம். உண்மையில் ஜெல்லி மீன் அவனைக் கொட்ட வேண்டும் என்று நினைக்கவே இல்லை. அதன் தொங்கும் இழைகளில் ஆயிரக்கணக்கான நுண்ணிய கொட்டும் உயிரணுக்கள் இருக்கின்றன. ஒவ்வோர் அணுவுக்குள்ளும் சுருட்டி வைத்த ஈட்டிபோல் ஒரு நச்சுக் குழல். தோலோ செதிலோ உரசினால் போதும், அந்தக் குழல் பாய்ந்து குத்தும். ஜெல்லி மீனின் உறவுக்கார உயிரான ஹைட்ராவில் இதை அளந்து பார்த்தார்கள். ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால், அதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் அது பாய்கிறது. உயிரினங்களின் அசைவுகளிலேயே மிக வேகமானவற்றுள் இதுவும் ஒன்று.

எனவே கரையில் செத்துக் கிடக்கும் ஜெல்லி மீனும் கொட்டும். அறுந்து மிதக்கும் ஒரு துண்டு இழையும் கொட்டும். அந்த ஈட்டிக்கு உத்தரவு போட மூளை தேவையில்லை.

தோலில் ஒட்டிய இழையில் இன்னும் வெடிக்காத அணுக்கள் நிறைய மிச்சமிருக்கும். தேய்த்தால் அவை வெடிக்கும். நல்ல தண்ணீர் ஊற்றினால், உப்பின் அளவு சட்டென்று மாறுவதால் வெடிக்கும். சிறுநீருக்கும் அதே கதைதான். அதனால் நன்மை எதுவும் இல்லை, கெடுதலாகவும் முடியலாம். வினிகரில் உள்ள அமிலமோ, பெட்டி ஜெல்லியின் வெடிக்காத அணுக்களை முடக்கிவிடுகிறது. ஏற்கெனவே உள்ளே போன நச்சை அது எடுக்காது, வலியையும் உடனே குறைக்காது. ஆனால் மேலும் நச்சு ஏறாமல் தடுக்கும். நான் சிரிப்புக்காகச் சொன்ன ஒரு வரிக்கும் அந்தப் பாக் சிக்கின் ஒரு போத்தலுக்கும் இருந்த வித்தியாசம் இதுதான்.

எல்லா ஜெல்லி மீன்களும் ஆபத்தானவை அல்ல. பல வகைகள் லேசான அரிப்போடு விட்டுவிடும். பெட்டி ஜெல்லியின் சில வகைகள்தான் சில நிமிடங்களில் இதயத்தையே நிறுத்தக்கூடியவை. அவை எங்கோ ஆஸ்திரேலியாவில் மட்டும் இருப்பவை என்று நினைத்துவிடாதீர்கள். சிங்கப்பூர்க் கடலில் ஒரு புதிய பெட்டி ஜெல்லி இனத்தை ஜப்பானிய, சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2025இல் அடையாளம் கண்டு அறிவித்தார்கள். அதற்கு வைத்த பெயர் கைரோனெக்ஸ் பிளாக்காங்மாத்தி. இன்றைய செந்தோசா தீவின் பழைய பெயர் பூலாவ் பிளாக்காங் மாத்தி அல்லவா? அந்தப் பெயர்தான்.

இரட்டை வாழ்க்கை

நாம் கடலில் பார்க்கும் குடை வடிவம், ஜெல்லி மீனின் வாழ்க்கையில் ஒரு பாதிதான். மறுபாதி நம் கண்ணில் படுவதே இல்லை.

ஜெல்லி மீனின் முட்டையிலிருந்து வரும் நுண்ணிய இளவுயிர், நீந்திப்போய்ப் பாறையிலோ சிப்பி ஓட்டிலோ ஒட்டிக்கொள்கிறது. அங்கே சின்னஞ்சிறு பூப்போல, சில மில்லிமீட்டர் உயரத்தில் வளர்கிறது. இதற்குப் பாலிப் என்று பெயர். ஒரு பாலிப் தன்னைத்தானே நகலெடுத்துப் பல பாலிப்புகளாகப் பெருகும். இப்படியே ஆண்டுக்கணக்கிலும் காத்திருக்கும். நீரின் வெப்பநிலை மாறி ஏற்ற காலம் வந்ததும், அதன் உடல் அடுக்கி வைத்த தட்டுகள்போல் பிரிந்து, ஒவ்வொரு தட்டும் ஒரு குட்டி ஜெல்லி மீனாக நீந்திப் போய்விடும். நேற்றுவரை ஒன்றுமே இல்லாத கடலில், இன்று திடீரென்று ஆயிரமாயிரம் எப்படி வந்தன என்ற கேள்விக்கு விடை அந்தத் தட்டுகளில்தான் இருக்கிறது.

இன்னொரு வகை இதையும் மிஞ்சிவிட்டது. டுரிடோப்சிஸ் டோர்னீ என்ற மிகச் சிறிய ஜெல்லி மீன், காயம் பட்டாலோ பட்டினி கிடந்தாலோ சாவதற்குப் பதில், மறுபடியும் பாலிப்பாக மாறிக் குழந்தைப் பருவத்திலிருந்து தொடங்குகிறது. 'சாகா வரம் பெற்ற ஜெல்லி மீன்' என்று இதைச் சொல்வது அதனால்தான். ஆனால் ஆமையோ மீனோ விழுங்கிவிட்டால் சாகத்தான் வேண்டும். வரத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

நாட்டையே இருட்டாக்கிய கூட்டம்

1999 டிசம்பரில் ஓர் இரவு, பிலிப்பீன்சின் லூசோன் தீவில் பெரும்பகுதி இருளில் மூழ்கியது. சுமார் 4 கோடிப் பேர் மின்சாரம் இல்லாமல் தவித்தார்கள். இராணுவப் புரட்சி நடந்துவிட்டதோ என்று மக்கள் பயந்தார்கள். காரணம் என்ன தெரியுமா? சுவால் நகரின் மின்நிலையம் குளிரூட்டலுக்காகக் கடல்நீரை உறிஞ்சும் இடத்தில் ஜெல்லி மீன்கள் குவிந்து அடைத்துக்கொண்டன. சுமார் 50 லாரி அளவு ஜெல்லி மீன்களை அள்ளினார்கள்.

இது ஏதோ ஒரு முறை நடந்த அதிசயம் அல்ல. 2013இல் சுவீடனின் ஒஸ்கார்ஷாம் அணுமின் நிலையத்தில் ஓர் உலையை நிறுத்த வேண்டி வந்தது. 2025 ஆகஸ்டில் பிரான்சின் கிராவலீன் அணுமின் நிலையத்தில் நான்கு உலைகள் தாமாகவே நின்றுபோயின. மீதி இரண்டு ஏற்கெனவே பராமரிப்பில் இருந்ததால், அந்த நிலையமே முடங்கியது. நம் நாட்டிலும் மஞ்சோங், காப்பார் போன்ற பெரிய மின்நிலையங்கள் கடலோரத்தில்தான் இருக்கின்றன என்பதை நினைத்துப் பார்த்தேன்.

மீனவர்களின் கதை இன்னும் வேதனை. ஜப்பானியக் கடலில் நொமுரா என்ற வகை உண்டு. குறுக்களவு 2 மீட்டர்வரை, எடை 200 கிலோவரை வளரும். 20ஆம் நூற்றாண்டில் இவை கூட்டமாகப் பெருகியது 1920, 1958, 1995 என அபூர்வமாகத்தான். 2002க்குப் பிறகோ அநேகமாக ஒவ்வோர் ஆண்டும் வரத் தொடங்கின. 2009இல் சிபா கடற்பகுதியில், நொமுரா ஜெல்லி மீன்கள் நிரம்பிய வலையை இழுக்க முயன்ற 10 டன் மீன்பிடிப் படகு ஒன்று கவிழ்ந்தே போனது. அதிலிருந்த மூன்று மீனவர்களையும் வேறொரு படகு காப்பாற்றியது. அதற்கு முன்பு 2007இல், வட அயர்லாந்தின் ஒரு பண்ணையில் வளர்த்த 1 லட்சத்துக்கும் மேற்பட்ட சால்மன் மீன்களை ஜெல்லி மீன் கூட்டம் ஒன்று கொன்றுவிட்டது.

யார் கதவைத் திறந்துவிட்டது?

இவற்றுக்கு விருந்து வைத்து அழைத்தது நாம்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஒவ்வொரு காரணமாகப் பார்ப்போம்.

முதலாவது, அளவுக்கு மீறிய மீன்பிடிப்பு. ஜெல்லி மீன் தின்னும் அதே நுண்ணுயிர்களைத்தான் மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களும் தின்கின்றன. மீன்களை நாம் வாரிக்கொண்டால், சாப்பாடு முழுவதும் ஜெல்லி மீனுக்கு. ஆப்பிரிக்காவின் நமிபியாக் கடலில் நடந்தது இதுதான். ஒரு காலத்தில் மத்தி மீனுக்குப் பெயர் போன அந்தக் கடலில், 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, ஜெல்லி மீன்களின் எடை 1 கோடியே 22 லட்சம் டன். மீன்களின் எடை 36 லட்சம் டன்தான். மூன்று மடங்குக்கும் மேல்! ஜெல்லி மீன்கள் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்பதால், போன மீன்கள் திரும்பி வருவதும் கடினமாகிறது.

இரண்டாவது, கழிவும் உரமும். வயலிலும் தோட்டத்திலும் போடும் உரம், வீட்டுக் கழிவுநீர் எல்லாம் ஆறு வழியாகக் கடலுக்குப் போகிறது. பாசி பெருகி, அழுகி, நீரில் உயிர்வாயு குறைகிறது. மீன்கள் மூச்சுத் திணறும் அந்த நீரில் பல ஜெல்லி மீன்கள் சமாளித்துக்கொள்கின்றன.

மூன்றாவது, சூடேறும் கடல். வெப்பம் கூடினால் பல வகைகள் சீக்கிரம் வளர்கின்றன, சீக்கிரம் பெருகுகின்றன.

நான்காவது, நாம் கட்டும் கட்டடங்கள். பாலிப் ஒட்டிக்கொள்ளக் கெட்டியான இடம் வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? படகுத்துறைத் தூண், அலைத்தடுப்புச் சுவர், மிதக்கும் மீன்பண்ணை, கடலில் கிடக்கும் பிளாஸ்டிக்... எல்லாமே அவற்றுக்கு நாம் இலவசமாகக் கட்டிக்கொடுத்த வீடமைப்புத் திட்டம்.

ஐந்தாவது, கப்பல்கள். சரக்கில்லாத கப்பல் சமநிலைக்காகக் கடல்நீரை நிரப்பிக்கொண்டு போய், வேறொரு துறைமுகத்தில் கொட்டுகிறது. ஜெல்லி மீனின் தூரத்து உறவான சீப்பு ஜெல்லி, 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கரையிலிருந்து இப்படித்தான் கருங்கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அங்கே நெத்திலி மீன்பிடித் தொழில் படுத்துவிட்டது.

ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உலகம் முழுவதும் ஜெல்லி மீன்கள் ஒரேயடியாகப் பெருகிக்கொண்டே போகின்றனவா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அவை சுமார் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறையும் இயல்புள்ளவை என்று 2013இல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. ஆனால் சில கடல்களில் பெருகியிருக்கின்றன என்பதிலும், அந்தக் கடல்களில் மனிதனின் கை இருக்கிறது என்பதிலும் சந்தேகம் இல்லை.

ரந்தாவ் அபாங்கில் ஒரு காலி மணல்வெளி

படித்ததில் என்னை மிகவும் உலுக்கியது நம் நாட்டுச் செய்திதான். கடலில் ஜெல்லி மீனை விரும்பித் தின்னும் உயிர்களில் முதலிடம் தோல்முதுகு ஆமைக்கு. உலகிலேயே மிகப் பெரிய கடலாமை அது. அதன் முக்கிய உணவே ஜெல்லி மீன்தான்.

திரெங்கானுவின் ரந்தாவ் அபாங் கடற்கரை ஒரு காலத்தில் இந்த ஆமைகளால் உலகப் புகழ் பெற்றிருந்தது. 1950களில் ஆண்டுக்குச் சுமார் 10,000 முறை அவை கரையேறி முட்டையிட்டன. பள்ளிச் சுற்றுலாவில் இரவு விழித்திருந்து ஆமை பார்த்த கதையை என் அப்பா இன்றும் சொல்வார். பல பத்தாண்டுகள் அந்த முட்டைகளை அள்ளி விற்றோம், தின்றோம். மீன்வலைகளில் சிக்கியும் ஆமைகள் செத்தன. இன்று அங்கே ஒரு தோல்முதுகு ஆமை கரையேறினாலே அது செய்தி. எல்லா வகை ஆமை முட்டைகளின் விற்பனைக்கும் திரெங்கானுவில் தடை வந்தது 2022இல்தான்.

எஞ்சியிருக்கும் ஆமைகளுக்கும் நாம் ஒரு பொறி வைத்திருக்கிறோம். பாசார் மாலாமில் வாங்கும் மெல்லிய பிளாஸ்டிக் பை கடலில் மிதக்கும்போது எப்படி இருக்கும்? அசல் ஜெல்லி மீன்போல. ஆமை விழுங்கிவிடுகிறது. ஜெல்லி மீனைக் கட்டுப்படுத்த இயற்கை வைத்த காவலாளியை, ஜெல்லி மீன்போன்ற ஒன்றைக் கொடுத்தே சாகடிக்கிறோம்.

வில்லன் மட்டும்தானா?

அப்படியும் சொல்ல முடியாது. சில வகை மீன்களின் குஞ்சுகள் ஜெல்லி மீனின் குடைக்கடியில் ஒளிந்துதான் வளர்கின்றன. சீன நண்பர்களின் திருமண விருந்தில் முதல் தட்டில் வரும், நறுக்நறுக்கென்று கடிபடும் அந்த மஞ்சள் இழைகள் ஜெல்லி மீன்தான். உப்பும் படிகாரமும் போட்டுப் பதப்படுத்தும் இத்தொழில் நம் நாட்டிலும் நடக்கிறது, ஏற்றுமதியும் ஆகிறது.

மருத்துவ உலகமும் ஒரு ஜெல்லி மீனுக்குக் கடன்பட்டிருக்கிறது. ஒளிரும் ஜெல்லி மீன் ஒன்றிலிருந்து ஒசாமு ஷிமோமுரா பிரித்தெடுத்த பச்சை ஒளிர்புரதம், உயிருள்ள அணுக்களுக்குள் நடப்பதைப் பார்க்க விளக்காகப் பயன்படுகிறது. புற்றுநோய் எப்படிப் பரவுகிறது என்பதைக்கூட அதை வைத்துப் பின்தொடர்கிறார்கள். இதற்காக அவருக்கும் மார்ட்டின் சால்ஃபீ, ரோஜர் சியன் ஆகிய இருவருக்கும் 2008இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, ஜெல்லி மீன் தன் பாட்டுக்கு 50 கோடி ஆண்டுகளாகச் செய்துவந்ததையே செய்கிறது. மாறியது கடல். மாற்றியது நாம்.

கடலுக்குப் போகிறீர்களா? இதை நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள்

• பையில் ஒரு சிறிய போத்தல் வினிகர் இருக்கட்டும். தாய்லாந்தின் கோ சாமுய் போன்ற கடற்கரைகளில் இதற்காகவே கம்பம் நட்டு வினிகர் வைத்திருக்கிறார்கள்.

• கொட்டினால் உடனே கரைக்கு வரவும். தேய்க்க வேண்டாம். மணல், நல்ல தண்ணீர், சிறுநீர் எதுவும் வேண்டாம்.

• வினிகரைக் குறைந்தது 30 விநாடி தாராளமாக ஊற்றவும். பிறகு இழைகளை இடுக்கியால் எடுக்கவும், வெறுங்கையால் தொடாதீர்கள்.

• மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 999, சிங்கப்பூரில் 995.

• கரையில் செத்துக் கிடப்பதைப் பிள்ளைகள் தொட விடாதீர்கள்.

• கொண்டுபோன பிளாஸ்டிக் பையை வீட்டுக்கே திரும்பக் கொண்டு வாருங்கள்.

விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் திங்கட்கிழமை, முதல் பாடலுக்கு முன்பே ஒலிவாங்கியைத் திறந்து, "சில ஆண்டுகளுக்கு முன்பு இதே நிகழ்ச்சியில் நான் ஒரு தவறான தகவல் சொன்னேன்" என்று ஆரம்பித்தேன். நடந்ததைச் சொன்னேன். சரியான முதலுதவியை இரண்டு முறை சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

நிகழ்ச்சி முடியும் நேரத்தில் போர்ட்டிக்சனிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். "நீங்க அன்னைக்குச் சொன்னதை நான் என் பேரப்பிள்ளைங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேன்மா. இப்பவே எல்லாருக்கும் போன் போட்டு மாத்திச் சொல்லிடறேன்" என்றார். போனை வைக்கும் முன், "வினிகர்னா, அச்சாருக்கு ஊத்துவோமே, அந்த வினிகர்தானே?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

அதே வினிகர்தான்மா.